பூவரசுக்கு அங்கிட்டு

ஞானமணி உபதேசியார் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடினார் என்று சொல்கிறவர்கள், அந்த ஒருத்தி யார் என்று சொல்லட்டும். பேர் வேண்டாம், எந்த ஊர், எந்தத் தெரு என்று மட்டும் சொல்லட்டும். சொல்ல மாட்டார்கள். ஊருணியில் குடத்தை முக்கும்போது ஒரு பேச்சு, அதே குடத்தை இடுப்பில் ஏற்றியதும் வேறு பேச்சு. பக்கத்து வீட்டு மூக்காயி இன்னொன்று கொண்டுவந்தாள். உபதேசியார் வேதத்தையே விட்டுவிட்டாராம், நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு பழனி அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தாராம், அவளுடைய கொழுந்தன் கண்ணால் பார்த்தானாம்.

"ஒங் கொழுந்தனுக்கு ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்து நாலு வருசமாச்சு மூக்காயி," என்றாள் செபமாலை. "அவரு பழனி மலையவே தடவித்தான் பாக்கணும். எங்க வீட்டுக்காரரப் பாத்தாராக்கும்."

"நான் என்னத்தக் கண்டேன். ஊரு சொல்லுது."

"ஒன்னயக் கழிச்சுட்டா ஊருக்கு வாயி ஏது?"

மூக்காயி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். செபமாலை சிரிக்கவில்லை. அவள் ஞானமணியின் மனைவி. அவர் ஏன் போனார் என்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியாததல்ல, அன்றைக்கு ஊரே சுற்றி நின்று பார்த்ததுதான். தெரிந்ததைச் சொன்னால் அதில் அவரவர் பங்கும் வெளியே வந்துவிடும். அதனால்தான் இல்லாத ஒருத்தியைத் தேடுகிறார்கள்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று முதலில் சொல்ல வேண்டும். ஊர் செங்கக்கல்பட்டி, குன்றாண்டார்கோவிலிலிருந்து நடந்தால் காலைக் கஞ்சி செரிக்கிற தூரம். அதில் யேசுநாதரைக் கும்பிடுகிற வேதக்காரர் வீடு முப்பது. மற்றவர்கள் நூறு வீட்டுக்கு மேல். பங்குக் கோயிலிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வில்வண்டியில் வந்து பூசை வைப்பார். மிச்ச நாளெல்லாம் உபதேசியார்தான். மணி அடிப்பது, பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபிப்பது, செத்தால் குழிவரைக்கும் முன்னால் நடப்பது, எல்லாம் ஞானமணி. அவருக்கு முன்னால் அவர் அப்பா. குடியிருந்த வீடும் கோயில் வீடு.

ஆள் நெட்டை. பேரம் பேசத் தெரியாது. சந்தைக்கு அனுப்பினால் புழு வைத்த கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவார். கேட்டால், நல்ல காயை எவனும் வாங்குவான், அந்தக் கிழவியிடம் இதை வாங்க யார் இருக்கிறார்கள் என்பார். செபமாலை திட்டிக்கொண்டே நறுக்குவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து புழுவை எடுத்துப் போடுவார்.

இள வயதில் கடல் தாண்டி வந்த ஒரு வயசாளிச் சாமியார் அவரைத் தன்னோடு வைத்துப் படிக்க வைத்தார். சாமியாராக்கத்தான் நினைத்தார். நெஞ்சுச் சளி வந்து படிப்பு இரண்டு வருஷத்தில் நின்றது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் கேட்ட கதைகள் ஞானமணிக்குள் நின்றுவிட்டன. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் வந்தால் சாயங்காலம் கோயிலுக்குள் பாய் விரித்து அந்தக் கதைகளைச் சொல்லுவார். வேதக்காரர்கள் மட்டுமா வந்தார்கள்? மூக்காயி வீட்டிலிருந்துகூட வந்து வாசலில் உட்காருவார்கள்.

கிரேக்க தேசத்தில் ஒரு பெரியவர், யேசுநாதருக்கு நானூறு வருஷம் முந்தியவர். சந்தையில் நின்றுகொண்டு, உண்மை என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்பார். அதிகாரம் பண்ணுகிறவர்களுக்கு அது பொறுக்கவில்லை. விஷத்தைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள், குடித்துச் செத்தார். பின்னால் அந்த வழியில் படித்த ஒருவர் வேதத்துக்கு வந்தார். ஞானிகள் போட்டுக்கொள்ளும் மேலங்கியை ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அவர் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, யோசித்து நியாயமாக வாழ்ந்தவன் எந்தக் காலத்தில் இருந்தாலும் கிறிஸ்துவின் ஆள்தான், அந்தக் கிழவரும் நம்ம ஆள்தான் என்றாராம். அவரையும் உரோமாபுரியில் தலை வெட்டினார்கள்.

இன்னொரு கதை, சாமியார்களுக்கெல்லாம் மேலே இருந்த, எண்பது வயசு தாண்டிய ஒரு மேற்றிராணியார் கதை. அவரைப் பிடித்து வந்த அதிகாரி நல்ல மனிதன். ஐயா, உரோமாபுரியை ஆளுகிற இராயன் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், அதில் என்ன கெட்டுவிடும் என்று கெஞ்சினான். கிழவர் போடவில்லை. நெருப்பில் வைத்தார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் செபமாலை முந்தானையால் மூக்கைச் சிந்துவாள். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷமும் அதே இடத்தில் அழுதாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர் மிச்சத்தையும் சொன்னார். கடைசியில் ஒரு இராயனே வேதத்துக்கு இணக்கமானான். மேற்றிராணிமாரை எல்லாம் தன் அரண்மனைக்குக் கூப்பிட்டு நடுவில் பொன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வந்தவர்களில் ஒருவருக்கு முந்தின இராயன் காலத்தில் ஒரு கண்ணைத் தோண்டியிருந்தார்கள். புது இராயன் அந்தக் குழியில் முத்தமிட்டான். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

"அந்த முத்தந்தான் நம்மளக் கெடுத்துச்சு," என்பார் ஞானமணி. "அதுக்கப்புறம் நாம சாம்பிராணி போட மாட்டேன்னு சொல்றவங்க இல்ல. போடுன்னு சொல்றவங்க. ஏதென்சு பட்டணத்துல தொள்ளாயிரம் வருசமாப் பேர் சொன்ன ஞானிக பள்ளிக்கூடத்த மூடச் சொல்லி உத்தரவு போட்டது நம்ம வேதத்து இராயன்தான். மேலங்கி போட்டவரு அப்ப இருந்தாருன்னா எந்தப் பக்கம் நின்னிருப்பாரு? சொல்லுங்க."

சிங்கம் தின்ற கதையைச் சொல்லுங்கள் உபதேசியாரே என்பார்கள்.

ஒருவர் மட்டும் எதிர்த்துப் பேசுவார். சிவசாமி வாத்தியார். கோயிலுக்கு மேற்கே கீற்றுக் கொட்டகையில் அவருடைய பள்ளிக்கூடம். அவர் வேதக்காரர் இல்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் மணலில் எழுதினார்கள். கணக்கும், பழைய நீதிப் பாட்டுகளும் சொல்லிக்கொடுப்பார். சாயங்கால மணி அடித்ததும் ஞானமணி அங்கே போய்விடுவார். இருவரும் கத்திப் பேசிக்கொள்வதைக் கேட்டால் புதிதாக வந்தவர்கள் அடிதடி என்று நினைப்பார்கள்.

"ஒங்க சாமி வர்றதுக்கு முந்தியே செத்துப்போன எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் எங்க போனாங்க உபதேசியாரே, நரகத்துக்கா?"

"நியாயமா இருந்திருந்தா இல்ல."

"அப்ப நான்?"

"ஒங்களப் பத்தித்தான் எனக்குச் சந்தேகம். ஒரு சுருட்ட ரெண்டாக் கிள்ளிப் பெரிய துண்ட நீங்க வச்சுக்கிறீங்க."

கோயில் வளாகத்தைக் கூட்டுவது செபமாலையின் வேலை. அதற்கு ஒரு எல்லை உண்டு. மேற்குப் பக்கம் ஒரு பூவரச மரம், அதுவரைக்கும் கோயில் நிலம். அதற்கு அப்பால் ஊர்ப் பொது. கொட்டகை நிற்பது ஊர்ப் பொதுவில். வாத்தியார் வந்து கொட்டகை போட்ட வருஷம் செபமாலையின் மாமனார் சொன்னார். "கூட்டுறது கூட்டுறே, பிள்ளைக உக்கார்ற எடத்தயும் ரெண்டு இழுப்பு இழுத்து விட்ரு. பூவரசு வரைக்கும் கோயில் வேலை. அங்கிட்டுக் கூட்டுறது ஒம் பிரியம்." அப்படியே செய்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. பிள்ளைகள் எழுதி அழித்த மணலை விளக்குமாற்றால் சமப்படுத்தி விடுவாள். மறுநாள் வாத்தியார், "தங்கச்சி, இன்னைக்குத் தரை பட்டு மாதிரி இருக்கு" என்பார்.

வெள்ளைக்காரன் சண்டை தொடங்கிய மறுவருஷம் பங்குக்குப் புதுச் சாமியார் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இளம் வயது, சுறுசுறுப்பு. ஒழுகின கோயிலுக்கு ஓடு போட்டார். காய்ச்சல்காரர்களுக்குத் தன் கையால் மருந்து கொடுத்தார். மகாராசா பிறந்தநாளுக்கு விசேஷ பூசை வைத்தார், சமஸ்தானத்து அதிகாரியைக் கூப்பிட்டு வந்து பீடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டார். அன்றைக்கு ஞானமணி அந்த நாற்காலியைப் பார்த்த பார்வையை செபமாலை மட்டும் கவனித்தாள். வீட்டுக்கு வந்து, "ஒரு நாற்காலிதானேங்க" என்றாள். அவர் கஞ்சியைக் குடித்தார்.

புதுச் சாமியாருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட ஆசை. நல்ல ஆசை. கல்லுக் கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சர்க்கார் தருகிற கிராண்ட் பணம். இடம் வேண்டும். மேற்கே கொட்டகை நிற்கிற இடமும் கோயிலுடையதுதான் என்று சமஸ்தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார், எல்லை தெரிந்த குடும்பம் உபதேசியார் குடும்பம், அவர் வந்து சத்தியம் பண்ண வேண்டும்.

"அது கோயில் எடம் இல்ல சாமி," என்றார் ஞானமணி.

"நான் பள்ளிக்கூடந்தானே கட்டப்போறேன் உபதேசியார், சாராயக்கடையா?"

"பள்ளிக்கூடத்த இடிச்சுட்டுத்தானே சாமி கட்டப்போறீங்க."

"அந்தக் கொட்டகையில என்ன சொல்லிக்கொடுக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அஞ்ஞானப் பாட்டு. நம்ம பிள்ளைங்க அதுல உட்கார்ந்து ராகம் இழுக்குது. நீங்களும் அங்கதான் உட்கார்ந்திருக்கீங்கன்னு கேள்வி."

"உக்காந்திருக்கேன் சாமி."

விசாரணை நாளில் அதிகாரி வந்தார். ஞானமணி பூவரச மரத்தில் கையை வைத்து, இதுவரைக்கும் கோயில், இதற்கு மேற்கே ஊர் நிலம் என்று சத்தியம் பண்ணினார். சாமியார் முகம் சுண்டிப்போனது. மறு விசாரணை இருக்கிறது என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். சிவசாமி வாத்தியார் அன்று சாயங்காலம் சுருட்டின் பெரிய துண்டை உபதேசியாருக்குக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் கல்யாணம். ஒரே மகள் அருளாயிக்குக் கறம்பக்குடிப் பக்கத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி இருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்காமல் வேதக்காரர் வீட்டில் தாலி ஏறாது. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எழுதி அனுப்புவார், உபதேசியார் வாசிப்பார். ஊரில் அத்தனை பேர் ஓலையையும் இருபது வருஷமாக அவர்தான் வாசித்தார். சொந்த மகள் ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டாவது ஞாயிறு குரல் கொஞ்சம் இடறியது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது.

மூன்றாவது ஞாயிறு ஓலை வரவில்லை.

செபம் முடிந்த பிறகும் ஞானமணி பீடத்துக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார். சனங்களும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், "எந்திரிச்சுப் போங்க" என்றார். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பெண்ணிடம் ஏதும் தடையா, சொன்னால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

உச்சி வெயிலில் அடுப்படியில் வைத்துச் சண்டை நடந்தது.

"ஒரு வார்த்தைங்க. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா ஓலை வந்துரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஒரு சிட்டிகைதான்னு அந்த அதிகாரியுந்தான் சொன்னான் புள்ள."

"ஒங்க கதையில வர்றவுகளுக்கு எல்லாம் கல்யாணத்துக்கு நிக்கிற மக இருந்துச்சா? மேலங்கி போட்டவருக்கு இருந்துச்சா? நெருப்புல நின்ன கெழவருக்கு இருந்துச்சா? வெவரமாச் சொல்லுங்க, கேப்போம்."

ஞானமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். உள்ளே அருளாயி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செபமாலை செய்ததைச் சரி என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் இடத்தில் நின்றுவிட்டு வந்து பேசட்டும், அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும், கோயிலைக் கூட்டிவிட்டு, அவரிடம் சொல்லாமல் பங்குக் கோயிலுக்கு நடந்தாள். சாமியார் அவளை உட்காரச் சொன்னார். மோர் கொடுக்கச் சொன்னார்.

"உபதேசியார் பிடிவாதக்காரர். அவரை நான் கட்டாயப்படுத்த முடியாது. நீதானே அம்மா கோயிலைக் கூட்டுற?"

"ஆமா சாமி."

"கொட்டகை இருக்கிற இடத்தையும் கூட்டுறதாகச் சொன்னாங்க."

"அதயும் கூட்டுறேன் சாமி."

"அதிகாரி கேட்டால் அதைச் சொல்லு. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நடக்கிறதைச் சொல்லு."

"சாமி, ஓலை..."

"ஓலைக்கு என்ன. எழுதி மேசை மேலதான் இருக்கு."

மறு விசாரணை பூவரச மரத்தடியில் நடந்தது. வேதக்காரர் முப்பது வீடும் வந்திருந்தது, மற்றவர்களும் வந்திருந்தார்கள். எல்லை எது என்று அங்கே நின்ற கிழடுகட்டைகள் அத்தனை பேருக்கும் தெரியும். கல்லுப் பள்ளிக்கூடம் வருகிறது, பெஞ்சு வருகிறது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மூக்காயியும் நின்றாள். அதிகாரி செபமாலையைக் கூப்பிட்டார். கூட்டத்தில் நின்ற ஞானமணிக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

"ஏம்மா, இந்தக் கொட்டகை வாசலை யார் கூட்டுறது?"

"நாந்தாங்க."

"எத்தனை வருஷமா?"

"கொட்டகை போட்ட நாள்லருந்துங்க."

"வாத்தியார் உனக்கு ஏதாவது கூலி தர்றாரா?"

"இல்லீங்க."

"யார் கூட்டச் சொன்னது?"

"மாமனாருங்க. அப்ப அவருதான் உபதேசியாரு."

எல்லாம் மெய். அதிகாரி பேனாவை நிறுத்தி, நல்லபடியாகவே கேட்டார்.

"அப்ப கோயில் வேலையாத்தான் கூட்டுற."

மாமனார் சொன்ன மற்றதெல்லாம் தொண்டைவரை வந்தது. ஒம் பிரியம் என்ற இரண்டு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். செபமாலை அருளாயியைப் பார்த்தாள். பூவரச மரத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க," என்றாள்.

கட்டை விரலை மையில் தோய்த்து அவளே ரேகை வைத்தாள். யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புருஷன் ஒன்று சொன்னார், பெண்டாட்டி ஒன்று சொன்னாள், தினம் அந்த மண்ணைத் தொட்டு வேலை செய்கிறவள் சாட்சிதான் பலம் என்று தீர்ப்பாகிவிட்டது. சிவசாமி வாத்தியார் எதிர்த்து எழுதவில்லை. இரண்டு நாளில் கீற்றைப் பிரித்தார். மூங்கிலை வண்டியில் ஏற்றினார். வல்லத்திராக்கோட்டையில் அவருடைய அக்காள் வீடு இருந்தது. புறப்படும்போது செபமாலை வேலியோரம் நின்றாள்.

"அண்ணே, நான் வேணும்னு சொல்லல."

"நீ கூட்டுனே தங்கச்சி. அது மெய்தானே," என்றார் அவர். "நாந்தான் தடுத்திருக்கணும். என் பள்ளிக்கூடத்த நான் கூட்டியிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது எதிர்த்துப் பேசி ஆறியிருப்பாள். ஞானமணி வண்டியோடு எல்லைவரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் சாயங்கால மணியை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வந்தது. ஞானமணியே வாசித்தார், இந்தத் தடவை குரல் இடறவில்லை. வேறு யாருடைய மகள் ஓலையோ போல வாசித்தார். கல்யாணம் நடந்தது. புதுச் சாமியார் தாமே வந்து பூசை வைத்தார், அருளாயிக்குச் செபிக்கிற மணிமாலை ஒன்றும் படமும் கொடுத்தார். பந்தியில் ஞானமணி ஒவ்வொரு இலையாகக் குனிந்து விசாரித்தார், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரே உபதேசியார் மனசு மாறிவிட்டார் என்று நினைத்தது. செபமாலையும் நினைத்தாள். அவள் நினைக்க ஆசைப்பட்டாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கறம்பக்குடிக்கு வண்டி ஏறின மறுநாள், காலை மணி அடித்தார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துவைத்த வேட்டியைக் கட்டினார். கோயில் சாவியை அடுப்படி மாடத்தில் வைத்தார். செபமாலை உலைப்பானைக்கு அடியில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சாமியார் ஆள் அனுப்புவாரு. குடுத்துரு," என்றார்.

"நீங்க எங்கிட்டுப் போறீங்க?"

"அந்தப் பீடத்துல நின்னு இனிமே என்னால கதை சொல்ல முடியாது புள்ள."

"வேதத்த விடப் போறீங்களா?"

"வேதத்த நான் ஏன் விடுறேன்."

"அப்ப என்னயவா?"

அவர் நிலைப்படியில் நின்று, செருப்பில் காலை நுழைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் காலைப் பிடித்துவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். காலைப் பிடிக்கிற அளவுக்குத் தப்பு தன்மேல் மட்டும் இல்லை என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

"எம் மகளுக்காகச் செஞ்சேன்," என்றாள்.

"தெரியும்."

"ஒங்க மகதானே அவளும்."

"ஆமா. அதான் பந்தியில நின்னேன்," என்றார் ஞானமணி. பிறகு அடுப்பைப் பார்த்து, "அரிசி போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல, இனித்தான்."

"ஒரு ஆளுக்குப் போடு."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார்.